'ஆம்' என்று அழுத்த ஓர் ஆள்

அன்புள்ள மைத்துனருக்கு,

உன் அக்காவின் கணவன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம். நம் கம்பெனிக் கணினிகளுக்கெல்லாம் தலைமையகத்தில் காவல் இருக்கும் நீயும் கண்ணுக்குக் கொஞ்சம் தூக்கம் கொடுத்து நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். கைப்பட எழுதுகிறேனே என்று பதறாதே. உன் யோசனைப்படி திரைகளை விட்டு ஓய்வில் இருக்கிறேன், அலுவலகத்துக்கு எதிரே பூங்கா பெஞ்சில்.

போன வாரம் வரை நான் பட்ட பாடு உனக்கே தெரியும். கடவுச்சொல்லை மாற்று என்பார்கள். மாற்றினால் பழையது மாதிரியே இருக்கிறது என்று கணினி கோபித்துக்கொள்ளும். கணினிக்குள் நுழைந்தால் கைப்பேசி அலறும்: "உள்ளே வருவது நீங்கள்தானா? ஆம், இல்லை." நான்தான்டா, உன் எதிர்லதான் உட்கார்ந்திருக்கேன்! அலுத்துப்போய், யார் ஏமாறுகிறார்கள் என்று பார்க்க உங்கள் துறை அனுப்பிய போலி மின்னஞ்சலை வேறு திறந்து தொலைத்தேன். "இன்னொரு தடவை ஏமாந்தீங்கன்னா சம்பளப் பிரிவு நாற்காலி வேற ஆளுக்குப் போயிடும்"னு மேலாளர் எல்லார் முன்னாலயும் சொல்லிட்டார். அழுகையே வந்துடுச்சு மாப்பிள்ளை.

அப்போதுதான் நீ, "மூளை களைச்சுப்போனா கை தப்புப் பண்ணும். தினம் கொஞ்ச நேரம் எல்லாத்தையும் விட்டுட்டு வெளியே போங்க அத்தான்" என்றாய். நீ நல்லா இருக்கணும்! கணினியை அணைத்தேன், அறையைப் பூட்டினேன். ஆனால் கைப்பேசி கேள்வி கேட்டு, பதில் வராவிட்டால் என்னைச் சந்தேகப்படுமே? அதற்கும் வழி பண்ணிட்டேன். தேநீர் போடும் அம்மாவிடம் கொடுத்து, "என்ன கேட்டாலும் 'ஆம்'னு அழுத்துங்க"ன்னு சொல்லியிருக்கேன். உங்க துறையில இத்தனை பேர் இருக்கீங்களே, ஒருத்தருக்காவது இது தோணுச்சா? மனசு அப்படி லேசாகிடுச்சு. நாளைக்குச் சம்பள நாள், எல்லாம் தயார். இனி என் நாற்காலியை எவனாலும் அசைக்க முடியாது.

கண்ணெரிச்சல் இல்லாமல் நீ நூறாண்டு வாழ வாழ்த்தும்,
உன் அத்தான்

பி.கு.: அலுவலகத்துக்கு வந்து கைப்பேசியை வாங்கிக்கொண்டேன். "விடாம கேட்டுக்கிட்டே இருந்துச்சு சார், நானும் சளைக்காம 'ஆம்' போட்டேன்" என்கிறார் அந்த அம்மா. ஆனால் என் அறை பூட்டினபடியேதான் இருந்தது. கணினியும் அணைத்தபடியேதான் இருந்தது. அப்போ இவ்வளவு நேரம் உள்ளே போனது யாரு மாப்பிள்ளை? எல்லாருடைய சம்பளமும் உள்ளதான் இருக்கு! பார்க்கலாம்னு கணினியைப் போட்டு என் பெயரையும் கடவுச்சொல்லையும் தட்டினேன். "நீங்கள் யார்?" என்று கேட்கிறது.