செம்மேட்டில் ஒரு கனிவுப் பயிற்சி

மனிதகுலம் அலுவலகம் என்ற ஒன்றைக் கண்டுபிடித்ததன் முழுப் பயனை எந்த ஊரில் அடைந்தது என்று எதிர்காலச் சரித்திர ஆசிரியர்கள் தேடுவார்கள். அவர்கள் சிரமப்படவே வேண்டாம். காளப்பநாயக்கன்பட்டியில் பஸ் ஏறி, மலைப்பாதையின் எழுபது வளைவுகளையும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கடந்து, செம்மேட்டில் இறங்கினால் போதும். பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிறது மலைத்தோட்டப் பயிர் ஊக்குவிப்பு அலுவலகம்.

அந்த வளைவுகள் ஒவ்வொன்றையும் தன் வயிற்றால் அறிந்தவள் உதவியாளர் ரோஸ்லின். கீழே சேந்தமங்கலத்துக்கு மாறுதல் கேட்டு எழுதிப் போட்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து மேலிடம் 'செயல்திறன் உயர்வுத் திட்டம்' அறிவித்தது. பயிற்சியில் நல்ல மதிப்பெண் வாங்குகிறவர்களுக்கு மாறுதலில் முன்னுரிமை என்றார்கள். ரோஸ்லினுக்கு உடனே செயல்திறன் மேல் பக்தி உண்டாயிற்று.

பயிற்சியாளர் ஓம்பிரகாஷ் கோயம்புத்தூரிலிருந்து காரில் வந்தார். வந்ததும் ஒரே கேள்விதான் கேட்டார்.

"உங்க டீம் முழுசா ஆபீஸ்ல இருக்கிற நாள் எது?"

அலுவலர் சென்னியப்பன் யோசிக்கவே இல்லை. "சந்தை நாளுங்க."

மற்ற நாட்களில் ஊழியர்கள் 'களப்பணி'யில் இருப்பார்கள். களம் என்பது பெரும்பாலும் அவரவர் வீடு. சந்தை நாளில் மட்டும் பலாப்பழமும் மலைவாழையும் மலிவாகக் கிடைக்கும் என்பதால் ஒருவர் பாக்கியில்லாமல் மலையேறி வருவார்கள். மலை விவசாயிகளும் இதைப் புரிந்துகொண்டு சந்தை நாளில் மட்டுமே அலுவலகத்துக்கு வருவார்கள். இப்படியே பல வருஷங்கள் சண்டை சச்சரவில்லாமல் ஓடிவிட்டன. ஆகவே பயிற்சியும் சந்தை நாள்தோறும் என்று முடிவாயிற்று. மக்களுக்கு நன்றாகச் சேவை செய்வது எப்படி என்று கற்றுக்கொள்வதற்காக, மக்கள் வருகிற ஒரே நாளில் அலுவலகக் கதவைச் சாத்தினார்கள். தியாகம் இல்லாமல் பெரிய காரியம் எதுவும் நடப்பதில்லை. தியாகத்தை மட்டும் மக்களிடம் விட்டுவிட்டார்கள்.

அப்போது ஆடி மழை. மிளகுக் கொடி ஊன்ற அதுதான் பருவம். விவசாயிகளுக்கு இலவசமாகக் கொடுக்க வந்த மிளகு நாற்றுகள் கருப்புப் பைகளில் அலுவலக முற்றத்தை நிறைத்திருந்தன. அதே மலையில் குண்டூர் நாடு என்ற பகுதியில் விவசாயம் பார்க்கும் ருக்குமணியின் பெயரும் நாற்றுப் பெறுவோர் பட்டியலில் இருந்தது. போன வருஷம் வாடல் நோய் வந்து அவளுடைய கொடிகள் மொத்தமும் போய்விட்டன. கொடி படர வேண்டிய மரங்கள் சும்மா நின்றன. மழை நிற்பதற்குள் நாற்று ஊன்றாவிட்டால் இன்னொரு வருஷமும் வீண். இரண்டு சந்தை நாட்கள் வந்து, சாத்திய கதவில் 'பயிற்சி நடைபெறுகிறது' என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தாள்.

மூன்றாவது சந்தை நாளின் பாடம் நடிப்பு. ஒருவர் விவசாயியாக நடிக்க வேண்டும். இன்னொருவர் அவரைக் கனிவோடு கவனிக்க வேண்டும். சென்னியப்பன் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு விவசாயி ஆனார். ரோஸ்லின் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தாள். தத்ரூபமாக இருக்கட்டும் என்று முற்றத்திலிருந்து ஒரு கூடை நாற்றும் உள்ளே வந்தது.

"வாங்கய்யா, உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?" என்றாள் ரோஸ்லின்.

"மொளகு நாத்து வேணும் தாயி" என்று சென்னியப்பன் குரல் நடுங்கக் கேட்டார்.

"உங்களுக்காகத்தானே வெச்சிருக்கோம்! இந்த மழையில எத்தனை தூரம் நடந்து வந்தீங்களோ!"

சக ஊழியர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இப்படி ஓர் அலுவலகம் எங்காவது இருக்கக் கூடாதா என்று அவர்களுக்கே ஏக்கமாகிவிட்டது.

ஜன்னலுக்கு வெளியே குடையோடு நின்று ருக்குமணி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, அவருக்குக் குடுக்கறீங்கல்ல, எனக்கும் குடுங்க."

"ட்ரெயினிங் நடக்குதும்மா. நான் நெசமான விவசாயி இல்லை" என்றார் சென்னியப்பன்.

"நான் நெசமான விவசாயிங்க."

"அதனாலதான் வெளியில நிக்கிறீங்க" என்று அவர் துண்டை அவிழ்க்காமலே விளக்கினார்.

ஓம்பிரகாஷுக்கு மூளையில் பொறி தட்டியது. "உள்ள வரச் சொல்லுங்க சார்! ரியலா இருக்கும்."

ருக்குமணி சொட்டச் சொட்ட உள்ளே வந்தாள். "போன வாரமும் வந்தேன், அதுக்கு முந்தின வாரமும் வந்தேன், கதவைச் சாத்திப்புட்டீங்க. மழை நின்னுபோச்சுன்னா அப்புறம் நாத்தை வெச்சு நான் என்னங்க பண்றது? இதுக்குத்தான் சம்பளம் வாங்கறீங்களா?"

ஓம்பிரகாஷ் கையைத் தட்டி நிறுத்தினார். "ஓவரா பண்றீங்கம்மா. விவசாயி இப்படிப் பேச மாட்டார். சார் பண்ணினதைப் பாத்தீங்கல்ல, அந்தப் பணிவு வேணும்."

ருக்குமணி கூடையைப் பார்த்தாள். பிறகு சென்னியப்பன் செய்த மாதிரியே தோளைக் குறுக்கிக்கொண்டாள். "மொளகு நாத்து வேணும் தாயி" என்றாள். குரலை நடுங்க வைக்க அவள் பாடுபட வேண்டியிருக்கவில்லை.

ரோஸ்லின் எழுந்தே விட்டாள். "உங்களுக்காகத்தானேம்மா வெச்சிருக்கோம்" என்று கூடையைத் தூக்கி அவள் கையில் கொடுத்தாள். அந்த நிமிஷம் ரோஸ்லின் நடிக்கவில்லை. அவள் மனசு நிறைந்திருந்தது.

"மகராசியா இருப்பே கண்ணு" என்று ருக்குமணி வாசலை நோக்கி நடந்தாள்.

"பிரமாதம்!" என்றார் ஓம்பிரகாஷ். "கூடையை வெச்சிட்டுப் போங்கம்மா, அடுத்த ஜோடி நடிக்கணும்."

"குடுத்துட்டீங்களேங்க?"

"அது பயிற்சிக்கு. பயிற்சியெல்லாம் முடிஞ்சதும் முறைப்படி குடுப்போம்" என்றார் சென்னியப்பன்.

"எப்பங்க?"

"மழை நிக்கட்டும். இந்த ஈரத்துல யாரு வெளிய நின்னு எண்ணிக் குடுக்கிறது?"

எல்லோரும் ரோஸ்லினைப் பார்த்தார்கள். ஓம்பிரகாஷின் பேனா மதிப்பெண் தாளின் மேல் காத்திருந்தது. ரோஸ்லினுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் எழுபது வளைவுகளும் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. அவள் கையை நீட்டிக் கூடையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். முகத்தில் சிரிப்பு மாறவில்லை. கனிவின் உச்சம் அதுதான் என்று பிற்பாடு பாராட்டினார்கள்.

ருக்குமணி சண்டை போடவில்லை. "அத்தனை ஆசையாப் பேசுனியே கண்ணு, நான் நெசம்னே நம்பிப்புட்டேன்" என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கினாள்.

"கேட்டீங்களா? இதை அறிக்கையில சேருங்க!" என்று ஓம்பிரகாஷ் துள்ளினார்.

ரோஸ்லின்தான் சேர்த்தாள். மக்கள் நம்பிக்கை: நூற்றுக்கு நூறு. ஆதாரம்: பயனாளி தம் வாயாலேயே சொன்னது. அடுத்த மாதமே அவளுக்குச் சேந்தமங்கலத்துக்கு மாறுதல் வந்தது. சிரித்துக்கொண்டே ஏமாற்றுவதில் இவ்வளவு தேர்ந்த ஒருத்தியை மலைக்காரர்களுக்கு மட்டுமே என்று ஒதுக்கி வைப்பது சமவெளி மக்களுக்குச் செய்கிற அநியாயம் அல்லவா?