சுவரைப் பார்த்த நாற்காலி

இனிமேல் சுவரைப் பார்த்துச் சாப்பிடுவதில்லை என்று போன மாதம் ஒரு புதன்கிழமை முடிவு செய்தேன். பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே செய்துவிட்டேன். நான் ஒரு முடிவு எடுத்தால் எடுத்ததுதான். என்னைத் தெரிந்த யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், என் மனைவியைத் தவிர.

விஷயம் இதுதான். சனிக்கிழமை சாயங்காலம் நானும் அவளும் வெளியே சாப்பிடப் போவது வழக்கம். பெரிய இடமெல்லாம் இல்லை. சூப், ரொட்டி, காபி, ஒரு துண்டு கேக் கிடைத்தால் போதும். இப்படிப்பட்ட கடைகளில் சுவரை ஒட்டி மெத்தை வைத்த நீள இருக்கை ஒன்று இருக்கும். அதற்கு எதிரே வெறும் நாற்காலிகள். மெத்தையில் உட்கார்ந்தால் கடை முழுக்கத் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்தால் சுவர் தெரியும். நான் வண்டியை நிறுத்த இடம் தேடிவிட்டு உள்ளே வருவதற்குள் அவள் மெத்தையில் சாய்ந்திருப்பாள். கல்யாணமாகிப் பதினோரு வருஷம். பதினோரு வருஷமும் எனக்கு நாற்காலிதான்.

எனக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வாரம் முழுக்கச் சுவரில் ஒரு எழுத்துப் பலகையை மாட்டி, வருகிறவர்களைப் படிக்கச் சொல்கிறேன். சனிக்கிழமை நானே சுவரைப் படிக்கிறேன். எந்தக் கடையில் எந்த ஆணி ஆடுகிறது, தீயணைப்புக் கருவியை எப்படிப் பிடிக்க வேண்டும், எல்லாம் எனக்கு மனப்பாடம். வாழ்க்கை குட்டிச்சுவராகப் போய்விட்டது என்று சிலர் புலம்புவார்கள். எனக்கு முழுச் சுவர்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அவள் சொல்லும் நேர்முக வர்ணனைதான் தாங்க முடியாது. அவள் பள்ளிக்கூடத்தில் துணைத் தலைமையாசிரியை. பரீட்சை ஹாலில் நாற்பது பேரையும் ஒரே சமயத்தில் பார்க்கிற கண். உதடு அசையாமல் பேசுவாள்.

"உங்களுக்குப் பின்னாடி மூணாவது டேபிள். ஒருத்தன் மோதிரத்தை கேக்குக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கான். அந்தப் பொண்ணு கேக்கே வேண்டாங்குது."

"அப்புறம்?"

"அவளோட தம்பி கேக்கை எடுத்துட்டான். திரும்பாதீங்க."

திரும்ப அனுமதி கிடைக்கும்போது அந்த மேஜையை ஒரு ஆள் துணியால் துடைத்துக்கொண்டிருப்பார். உலகத்தில் நடக்கிற சுவாரசியமெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் நடந்து முடிந்துவிடும். ஒரே ஒரு நாளாவது என் கண்ணால் பார்க்க வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

முதல் சனிக்கிழமை, வண்டி பஞ்சர் என்று சொல்லிவிட்டேன். பஸ்ஸில் போனோம், ஒன்றாக இறங்கினோம். கடைக்குள் நான் இரண்டு எட்டு முந்திப்போய் மெத்தையில் கையும் வைத்துவிட்டேன். அவள் பதறவில்லை. "கை கழுவிட்டு வந்துடுங்க" என்றாள். எத்தனை வருஷப் பழக்கம், என் கால்கள் என்னைக் கேட்காமலே குழாயடிக்குப் போய்விட்டன. கை துடைத்துக்கொண்டு வந்து பார்த்தால், எனக்காக நாற்காலியை இழுத்து வேறு போட்டிருந்தாள்.

எங்கள் கடையில் லென்ஸ் தேய்ப்பவருக்கு மந்திரி என்று பெயர் வைத்திருக்கிறோம். யார் கேட்டாலும் யோசனை சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். முழுக்கதையையும் அவரிடம் கொட்டினேன். பெண்டாட்டியிடம் உரிமை கேட்டால் கிடைக்காது, நோய் என்றால் கிடைக்கும் என்றார் அவர். கழுத்துப் பிடிப்பு என்று நோயின் பெயரையும் அவரே தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். ஸ்கேன் எடுத்தாலும் தெரியாதாம்.

வியாழக்கிழமையிலிருந்து ஆரம்பித்தேன். என் நடிப்பை நானே மெச்சிக்கொள்ளக் கூடாது, ஆனால் வேறு யாரும் மெச்சப் போவதில்லை. கூப்பிட்டால் தலையைத் திருப்ப மாட்டேன், பீரோவை நகர்த்துவதுபோல் உடம்போடு திரும்புவேன். சட்டை மாட்டும்போது ஒரு முனகல், செருப்பு மாட்டும்போது ஒரு முனகல். அவள் இரண்டு வேளையும் தைலம் தேய்த்துவிட்டாள். இந்த வாரம் வீட்டிலேயே இருந்துவிடலாமா என்றுகூடக் கேட்டாள். எனக்கே மனசு உறுத்தியது. ஆனாலும் கொள்கை என்று ஒன்று இருக்கிறதே.

சனிக்கிழமை புதுக் கடை ஒன்றுக்குப் போனோம். மெத்தைக்குப் பக்கத்தில் போனதும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, "சாய்ஞ்சு உட்காரணும்னு டாக்டர் சொல்லியிருக்கார்" என்றேன்.

"அதுக்கென்ன, உட்காருங்க" என்றாள். நாற்காலியில் தானே உட்கார்ந்தாள், சுவரைப் பார்த்து.

பதினோரு வருஷத்துப் போராட்டம் ஒரே வாக்கியத்தில் முடிந்துவிட்டது. நான் சாய்ந்தேன், கால் நீட்டினேன். கடை முழுக்க என் கண்முன்னால் விரிந்து கிடந்தது.

"சொல்லுங்க, என்ன நடக்குது?" என்றாள்.

"மூணாவது டேபிள்ல ஒருத்தர் சாப்பிடறார்."

"அப்புறம்?"

நன்றாகப் பார்த்தேன். "இன்னும் சாப்பிடறார்."

"பக்கத்துல?"

"ஒரு அம்மா. அவங்களும் சாப்பிடறாங்க."

சூப் வந்தது. நான் கடையை அங்குலம் அங்குலமாகத் தேடினேன். ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் பில்லுக்குக் கை காட்டினார். ஒரு குழந்தை கரண்டியைக் கீழே போட்டது, அதன் அப்பா எடுத்துக் கொடுத்தார். இதையும் சொன்னேன். "ம்" என்றாள். பதினோரு வருஷமாக மோதிரமும் கண்ணீரும் சண்டையும் நடந்த உலகத்தில், நான் பார்க்க ஆரம்பித்ததும் எல்லோரும் ஒழுங்காகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். பரவாயில்லை, இடம் என்னுடையதுதானே என்று தேற்றிக்கொண்டேன்.

அப்போது அவள் கரண்டியை வைத்தாள். உதடு அசையவில்லை.

"ஏங்க. உங்க மெத்தை வரிசையிலேயே வலது பக்கம் கடைசி டேபிள். உங்க முதலாளி."

"எங்க முதலாளியா?"

"திரும்பாதீங்க. தனியா வந்திருக்கார். புழுக்கமா இருக்கு போல. தலைமுடியைக் கழட்டி டேபிள் மேல வச்சிருக்கார்."

எங்கள் முதலாளியின் முடி சொந்தமா, வாங்கியதா என்பது கடையில் எட்டு வருஷமாகத் தீர்ப்பு வராத வழக்கு. மந்திரி ஒரு கட்சி, நான் ஒரு கட்சி. சாட்சி பத்தடி தூரத்தில் இருக்கிறது. நானும் மனுஷன்தானே?

தலையை வெடுக்கென்று வலது பக்கம் திருப்பினேன், தோளுக்கு மேல் தாடை போகிற அளவுக்கு.

கடைசி மேஜையில் ஒரு உப்பு டப்பாவும் காகிதக் கைக்குட்டைப் பெட்டியும் இருந்தன.

"யாருமே இல்லையே" என்றேன். சொல்லும்போதே எனக்குள் பெரிய வெளிச்சம் ஒன்று அடித்தது. வசமாக மாட்டிக்கொண்டாள். "அப்போ இத்தனை வருஷமா நீ சொன்னதெல்லாம்..."

அவள் தன் சூப் கிண்ணத்தை மெதுவாக என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து நின்றாள்.

"கழுத்து நல்லாத்தான் திரும்புது. எந்திரிங்க."