ஆற்றோடு போன பத்து ஜெர்சிகள்

எங்கள் அணி தோற்பதற்கும் எங்கள் அணி ஆடுகிற விதத்திற்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று எங்கள் குடும்பம் அந்நாட்களில் உறுதியாக நம்பியது. காரணம் வேறெங்கோ இருந்தது. ஓர் ஆண்டு அது கிழக்குப் பக்கத்துக் கோல் கம்பத்தில் இருந்தது. கம்பத்தைப் பிடுங்கி நான்கடி தள்ளி நட்டார்கள். (மேற்குக் கம்பத்தைத் தொடவில்லை. நடுக்கோடு நடுவில் இல்லாத மைதானம் இந்தப் பள்ளத்தாக்கிலேயே எங்களுடையது ஒன்றுதான்.) மறு ஆண்டு அது பந்தின் நிறத்தில் இருந்தது. மூன்றாம் ஆண்டில் என் பெரியப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஐயத்திற்கு இடமில்லாமல் அறிவித்தார்: "டீமுக்கு ஏழரை ஓடுது."

பெரியப்பா முல்லை அணியின் தலைவர். சின்னமனூரில் வாழைக்காய் மண்டி வைத்திருந்தார். வாழைத்தாரைக் கையால் தொடாமல், பார்த்த மாத்திரத்தில் எடை சொல்வார். அதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அந்தத் திறமையைக் கொண்டே ஆட்டக்காரர்களையும் தேர்ந்தெடுத்தார் என்பதுதான் சிக்கல். வந்து நிற்பவனைச் சுற்றி ஒரு நடை நடப்பார்; குனிந்து கெண்டைக்காலை அழுத்திப் பார்ப்பார்; "நல்லா வெளைஞ்சிருக்கு, எடுத்துக்க" என்பார். பந்தை ஒருமுறை உதைத்துக் காட்டச் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

பயிற்சியாளர், துணைத் தலைவரின் மருமகன். கல்லூரியில் அவர் ஆடியது கைப்பந்து. கை, கால் என்ற ஒரு சிறு வேறுபாட்டைத் தவிர இரண்டும் ஒன்றுதான் என்று அவர் கருதினார். நிர்வாகக் குழுவில் பதினான்கு பேர் இருந்தார்கள். அணியில், மாற்று ஆட்டக்காரர்களையும் சேர்த்து, பதின்மூன்று பேர்.

இத்தனையையும் வாரந்தோறும் சகித்துக்கொண்டு மைதானத்தின் சிமெண்டுப் படிகளில் உட்கார்ந்திருந்த ரசிகர்களில் நானும் ஒருத்தி. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. உத்தமபாளையத்தில் ஒரு பள்ளியில் வரலாறு கற்பித்துக்கொண்டிருந்தேன். படித்த புத்தகங்களைவிட, படித்திருக்கிறேன் என்ற நினைப்பு அதிகமாக இருந்த வயது. எனக்கு அடுத்த படியில் ஜவுளிக்கடை ஜெபராஜ் அண்ணாச்சி உட்கார்ந்திருப்பார். முன்பெல்லாம் ஞாயிறு ஆராதனையில் அணிக்காக ஜெபித்துக்கொண்டிருந்தவர், அந்த ஆண்டு நிறுத்திவிட்டார். ஏன் என்று கேட்டேன். "ஆண்டவருக்கும் ஒரு மரியாத இருக்குல்ல டீச்சர்" என்றார்.

சிரித்துவிட்டு வீட்டுக்குப் போக எல்லோராலும் முடிந்தது, என் அண்ணன் முருகேசனைத் தவிர. அவன்தான் கோல் கீப்பர். ஒன்பது ஆண்டுகளாகக் கம்பங்களுக்கு நடுவில் நின்றான். நிர்வாகம் செய்த ஒவ்வொரு தவறும் பத்துப் பேரைத் தாண்டி, கடைசியில் அவனிடம்தான் வந்து சேரும், பந்தின் உருவத்தில்.

அந்த ஆண்டின் கடைசி ஆட்டம் ஒரு சனிக்கிழமை மாலை, மேகமலை எஸ்டேட் ஒன்றின் அணியோடு. சமன் செய்தால் போதும், மாவட்டத்தின் முதல் பிரிவில் நீடிக்கலாம். தோற்றால் கீழ்ப்பிரிவு. பெரியப்பா அண்ணனைக் கூப்பிட்டுச் சொன்னார்: "டீமு எறங்குச்சுன்னா நீயும் எறங்கிருடா. பூட்ஸக் கழட்டி வச்சுட்டு மண்டியில வந்து உக்காரு. ஒன்பது வருசம் மண்ணுல உருண்டது போதும்." எங்கள் வீட்டில் பெரியப்பா சொன்னால் சொன்னதுதான். அண்ணன் அந்த வாரம் முழுவதும் விடியற்காலையில் மைதானத்துக்குப் போய், சுற்றுச்சுவரில் பந்தை எறிந்து எறிந்து தனியாகப் பிடித்துக்கொண்டிருந்தான்.

நிர்வாகக் குழுவும் சும்மா இருக்கவில்லை. இரண்டு மணி நேரம் கூடி விவாதித்து, ஆட்டத்தன்று காலையில் அணியைக் குச்சனூருக்கு அழைத்துச் சென்று சனீஸ்வரரைச் சேவித்து வருவது என்று முடிவெடுத்தது. எதிரணியில் யார் யார் ஆடுகிறார்கள் என்ற பேச்சு அந்தக் கூட்டத்தில் எழவே இல்லையாம்.

புது ஜெர்சிகள் முந்தின நாளே வந்திருந்தன. சனி பகவானுக்கு உகந்த நீல நிறம். முதுகில் எண், எண்ணுக்கு மேலே ஜெபராஜ் அண்ணாச்சியின் கடைப்பெயர். அவருடைய நன்கொடை அது, களமிறங்கும் பதினொருவருக்கு மட்டும். பழைய ஜெர்சிகளில் தோசம் இருக்கலாம் என்று பெரியப்பா அவற்றை ஏற்கெனவே தானம் செய்திருந்தார். கோல் கீப்பர் என்பதால் அண்ணனுக்கு மட்டும் பச்சை.

மண்டி லாரியில் ஆட்டக்காரர்கள் ஏறிக்கொண்டார்கள். பின்னால் காரில் பெரியப்பா, பயிற்சியாளர், நான். எனக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது. கேலி செய்வதற்கென்றே போனேன், அதுதான் உண்மை.

பெரியப்பாவின் திட்டம் எளிமையானது. ஜெர்சியோடு சுரபி ஆற்றில் முழுக வேண்டும். ஆளும் துணியும் சேர்ந்தே புனிதமாகிவிடும். ஊர் திரும்புவதற்குள் வெயிலில் காய்ந்துவிடும். பயிற்சியாளர் கரையில் நின்று "ஒன், டூ, த்ரீ" சொல்ல, எல்லோரும் முழுகி எழுந்தார்கள். அந்த ஆண்டு முழுவதிலும் பதினொருவரும் ஒரே நேரத்தில் ஒரே காரியத்தைச் செய்து நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

"பெரியப்பா, திருநள்ளாறுல குளிக்கிறவுக போட்டிருந்த துணிய அங்கனயே விட்டுட்டு, திரும்பிப் பாக்காம வருவாகளாம். தோசம் துணியோட போயிருமாம். நீங்க என்னடான்னா தோசத்த ஊறவச்சு, பிழிஞ்சு, காயப்போட்டு, மறுபடி மாட்டிவிடப் போறீக!"

சொல்லிவிட்டுச் சிரித்தேன். சிரித்தது நான் ஒருத்திதான். பெரியப்பாவின் முகம் மெல்ல மலர்ந்ததை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

"பாத்தியாய்யா, படிச்ச பிள்ளைங்கறது இதுக்குத்தான்" என்று பயிற்சியாளரிடம் சொன்னார். பிறகு ஆற்றைப் பார்த்துக் குரலை உயர்த்தினார்: "ஏலே, எல்லாரும் சட்டயக் கழட்டித் தண்ணியில விடுங்கடா!"

"தலைவரே, சாயங்காலம் மேட்ச்சு..." என்றார் பயிற்சியாளர். அவர் பயிற்சியாளராக இருந்து சொன்ன அறிவுள்ள சொல் அது ஒன்றுதான்.

"தோசத்தோட ஆடுறதுக்குச் சட்ட இல்லாமயே ஆடலாம்யா."

நான் பதறிப்போனேன். "பெரியப்பா, நான் சும்மா கிண்டலுக்குச் சொன்னேன். அது திருநள்ளாறு. இது குச்சனூரு. அந்தக் கட்டாயமெல்லாம் இங்கன கெடையாது."

"சாமி ஒண்ணுதான ஆத்தா?" என்றார் பெரியப்பா, மிகுந்த பொறுமையோடு.

அதற்கான பதில் எந்தப் புத்தகத்திலும் இருந்திருக்காது. பத்து நீல ஜெர்சிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தண்ணீரில் இறங்கின. கடைப்பெயர் வானத்தைப் பார்க்க, வரிசை குலையாமல், களத்தில் ஒருபோதும் காட்டாத ஒழுங்கோடு மிதந்து போயின. இரண்டு மூன்று கரையோரச் செடியில் சிக்கி நின்றதாக லாரி ஓட்டுநர் பிறகு சொன்னார். எடுத்திருக்கலாம். ஆனால் திரும்பிப் பார்க்கக் கூடாதே! அதையும் நான்தானே சொல்லித் தொலைத்திருந்தேன்.

அண்ணன் கடைசி ஆளாகக் கரையேறினான். இடுப்பில் வேட்டி, தோளில் துண்டு. துண்டின் மடிப்புக்குள் ஏதோ பச்சையாகத் தெரிந்தது. நான் பார்த்துவிட்டதை அவனும் பார்த்தான். பேசாதே என்பதுபோலத் தலையை மட்டும் அசைத்தான்.

ஊர் திரும்பியபோது மணி இரண்டு. வேட்டியும் துண்டுமாக வந்து நின்ற அணியை ஜெபராஜ் அண்ணாச்சி கடைவாசலில் ஏற இறங்கப் பார்த்தார்.

"ஜெர்சி எங்கப்பா?"

"சாமிக்கு விட்டாச்சு" என்றார் பெரியப்பா.

அண்ணாச்சி விரலால் காற்றில் ஆற்றின் வழியை வரைந்தார். "அது முல்லையாத்துல சேந்து, நேரா வைகை அணைக்குப் போயிருமே. சரி, போகட்டும். அங்கன ஒரு கிளை தொறந்த மாதிரி இருக்கும்."

அவருடைய கடையில் ஒரே நிறத்தில் பத்துச் சட்டைகள் இருந்தது ஒரே வகையில்தான். சபரிமலைப் பருவத்தில் விற்றது போக மிஞ்சிய கறுப்புச் சட்டைகள். காலர் உண்டு, பொத்தான் உண்டு, நெஞ்சில் பை உண்டு. (ஒருவன் அந்தப் பையில் சீப்பு வைத்துக்கொண்டு ஆடினான்.) மைதானத்தில் கோடு போட வைத்திருந்த சுண்ணாம்பைக் குழைத்து முதுகில் எண்களை எழுதினார்கள். வியர்வையில் அரைமணி நேரத்திற்குள் எல்லோரும் எண்ணற்றவர்களானார்கள்.

அன்றைய நடுவர் கம்பம் ஊரிலிருந்து வந்திருந்த ஓர் உடற்கல்வி ஆசிரியர். அவருடைய சட்டையும் கறுப்பு.

"இது சரிவராதுங்க" என்றார் அவர்.

"நீங்க வேற சட்ட போட்டுக்கங்க சார். அண்ணாச்சி கடையில வெள்ளையில ஒண்ணு இருக்கு" என்றார் பெரியப்பா.

"இருவது வருசமா இந்தச் சட்டையிலதான் விசில் ஊதுறேன். ஒங்க டீமு தோசத்துக்கு நான் எதுக்குய்யா சட்டய மாத்தணும்?"

எஸ்டேட் அணி வெள்ளையில் இறங்கியது. தேயிலைச் சரிவுகளில் ஏறி இறங்கிப் பழகியவர்களுக்குச் சமதளம் என்பது விடுமுறை போல. எங்கள் ஆட்கள் முதல் ஐந்து நிமிடங்களுக்குள்ளேயே நடுவருக்கு மூன்று முறை பந்தைக் கொடுத்தார்கள். அவர் எப்போதும் பந்துக்கு அருகில் இருந்தார், எப்போதும் தனியாக நின்றார், ஓடிக்கொண்டே இருந்தார். இந்த மூன்று தகுதிகளும் உள்ள கறுப்புச் சட்டைக்காரர் வேறு யாரும் அந்த மைதானத்தில் இல்லை.

"அந்தா, வருசம் பூராத் தேடுன ஆளு கெடச்சிருச்சுய்யா!" என்று படிகளிலிருந்து ஒரு குரல் வந்தது.

ஜெபராஜ் அண்ணாச்சி எழுந்து நின்று, நிர்வாகக் குழு உட்கார்ந்திருந்த பந்தலைப் பார்த்துக் கத்தினார்: "தலைவரே! அவருக்குக் கெண்டக்காலு நல்லா வெளைஞ்சிருக்கு, எடுத்துக்கங்க!"

படிகள் முழுவதும் சிரித்தன. என்னால் சிரிக்க முடியவில்லை. நான் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் மட்டும் பச்சையில் இருந்தான். துண்டுக்குள்ளிருந்து எடுத்து மாட்டியிருந்த, இன்னும் முழுதாகக் காயாத ஜெர்சி. அன்றைக்கு அவன் தடுத்த பந்துகளை நான் எண்ணவில்லை. எண்ண முடியாதபடி வந்துகொண்டே இருந்தன. வயிற்றில் வாங்கினான், முழங்காலில் வாங்கினான், ஒரு பந்தை முகத்தில் வாங்கினான். மாலை வெயில் சாய்ந்து ஆட்டம் முடியப்போகும் நேரத்திலும் இரு பக்கமும் கோல் ஒன்றும் விழவில்லை. கேலி நின்றுவிட்டது. படிகளில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றிருந்தார்கள். அண்ணாச்சியின் உதடுகள் அசைந்தன. நிறுத்தி வைத்திருந்த ஜெபத்தைத் திரும்பத் தொடங்கிவிட்டார் போலும்.

கடைசி ஓரிரு நிமிடங்கள். எங்கள் தடுப்பாட்டக்காரன் ஒருவன் பந்தைக் காலில் நிறுத்தினான். எதிரே இருவர் நெருங்கினார்கள். தலையை நிமிர்த்திப் பார்த்தான். இடப்பக்கம், யாருடைய காவலும் இல்லாமல், ஒரு கறுப்புச் சட்டை. அந்த ஆண்டின் மிகத் துல்லியமான பாஸ் அது.

நடுவர் நேர்மையானவர். இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு, பந்து காலில் படாதபடி துள்ளி விலகி வழிவிட்டார். அவருக்குப் பின்னால் வெள்ளைச் சட்டை நின்றது. அண்ணன் பாய்ந்தான், பந்து அவன் விரல்நுனியில் பட்டதை நான் பார்த்தேன். பட்டும் உள்ளே போனது.

ஆட்டம் முடிந்ததும் நிர்வாகக் குழு மைதானத்திலேயே கூடியது. காரணத்தைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடங்கூட ஆகவில்லை.

"பதினோரு பேருல ஒருத்தன் சட்டய விடல. அங்க பாருங்க, பச்சை" என்றார் பெரியப்பா.

நான் இடையில் புகுந்தேன். "பெரியப்பா, தப்பு அவன் மேல இல்ல. நான் கிண்டலுக்குச் சொன்னத நீங்க நெசமுன்னு எடுத்துக்கிட்டீக. எல்லாம் என்னாலதான்."

அவர் என் தலையில் கைவைத்தார். உண்மையான வாஞ்சை அது. "கிண்டலுக்குச் சொன்னாலும் படிச்ச பிள்ள சொன்னா சரியாத்தான் ஆத்தா இருக்கும். செய்ய வேண்டியவன் முழுசாச் செய்யல, அவ்வளவுதான்."

'தோல்விக்குக் காரணம் கோல் கீப்பரின் ஜெர்சி' என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதி, பதினான்கு பேரும் கையெழுத்திட்டார்கள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அண்ணன் பூட்ஸைக் கையில் பிடித்திருந்தான். "அண்ணே, மன்னிச்சிரு" என்றேன். உதடு வீங்கியிருந்ததால் மெதுவாகத்தான் பேசினான்: "விடு. நீ சொல்லலேன்னா வேற யாராச்சும் பூட்ஸையும் சேத்து விடச் சொல்லியிருப்பாக." திங்கட்கிழமை மண்டிக்குப் போய்விட்டான்.

அதிகாரத்தில் இருப்பவர்களிடம் கிண்டல் பேசுவதை அன்றோடு விட்டுவிட்டேன். அவர்கள் அதைச் செயல்படுத்திவிடுகிறார்கள். இன்றும் தீபாவளிக்கு எங்கள் வீட்டில் புதுத்துணிப் பையைப் பிரித்தால் யாராவது ஒருவர் என் பக்கம் திரும்பி, "ஏத்தா, இது கட்டுறதுக்கா, ஆத்துல விடுறதுக்கா?" என்று கேட்காமல் இருப்பதில்லை. என் மகள் வரைக்கும் அந்தக் கேள்வி வந்து சேர்ந்துவிட்டது.

கீழ்ப்பிரிவுக்குப் போன அணி மறு ஆண்டே கலைந்தது. நிர்வாகக் குழு கலையவில்லை. ஆண்டுதோறும் கூடுகிறது, தேர்தல் நடத்துகிறது, மாலை மாற்றிக்கொள்கிறது. பெரியப்பா காலமானபோது அவர் படத்தின் கீழே 'தலைவர்' என்றே போட்டார்கள். மண்டியை இப்போது அண்ணன் நடத்துகிறான். லாரி வரும் நாட்களில் மட்டும், வெளுத்துப்போன அந்தப் பச்சை ஜெர்சியை மாட்டிக்கொண்டு கீழே நிற்கிறான். மேலிருந்து இறக்கும் தார்களில் ஒன்றையும் அவன் நழுவவிட்டு நான் பார்த்ததில்லை.

முல்லை அணியில் மிச்சமிருப்பது அவன்தான்.