நாற்பத்திரண்டு 'கோ'

'கோ' என்கிற இங்கிலீஷ் சொல்லுக்கு நாற்பத்திரண்டு உபயோகம். பதற்றத்தில் சகாயராஜுக்கு முப்பதுக்கு மேல் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. தேர்வுக்கு இன்னும் ஐந்தே நிமிடம்.

மன்னார்குடிக் கடைத்தெரு மாடியில் இருபத்திரண்டு வருஷமாக ஸ்போக்கன் இங்கிலீஷ் நடத்துகிறவர் அவர். பால் கெட்டால் 'கோ', பைத்தியம் பிடித்தால் 'கோ', கரண்ட் நின்றால் 'கோ'. நாற்பத்திரண்டையும் ஒரே தாளில் எழுதி வைத்திருந்தார்; வகுப்பே அதை வாய்ப்பாடு மாதிரி கோரஸாக ஒப்பிக்கும். ஒப்பித்தவர்கள் கனடா, சிங்கப்பூர் என்று போய்விட்டார்கள். சுவர் முழுக்க அவர்களுடைய போட்டோ.

"போறது எத்தனை விதம்னு ஊருக்கே சொல்லித் தர்றீங்க. நீங்க வேளாங்கண்ணியத் தாண்டல," என்பாள் மனைவி விண்ணரசி.

இப்போது பயிற்சி நிலையம் கைமாறிவிட்டது. புது நிர்வாகத்தின் வெளிநாட்டு நிபுணர் லேப்டாப்பில் பேசிப் பார்ப்பார். தேறினால் வேலை, இல்லாவிட்டால் வீடு. ஐம்பத்தாறு வயதில் வேறு எங்கே போவது என்பது அவருடைய தாளில் இல்லை.

"தாளை லேப்டாப்புக்குப் பின்னாடி சுவத்துல ஒட்டிரவா சார்?" என்றாள் ஆபீஸ் வேலை பார்க்கும் வானதி.

"ஒட்டு, ஒட்டு. சீக்கிரம்!"

ஃபேன் காற்றில் தாள் படபடத்தது. ஃபேனை நிறுத்தினார்கள். சித்திரைப் புழுக்கத்தில் மூக்குக்கண்ணாடி ஆவி கட்டியது. கண்ணாடியைக் கழற்றினார். தாள் தெரிந்தது, எழுத்து தெரியவில்லை.

அதற்குள் திரையில் மங்கலாக ஒரு பெண் வந்து, உங்கள் ஊரைப் பற்றிச் சொல்லுங்கள் என்றாள், இங்கிலீஷில்.

சகாயராஜ் அவிழ்த்துவிட்டார். எங்கள் ஊரில் மில்க் கோஸ் பேட், கரண்ட் கோஸ் ஆஃப், வாய்க்கால் கோஸ் ட்ரை, ஃபார்மர் கோஸ் மேட்.

ஊரில் நல்லது ஒன்றும் இல்லையா என்று கேட்டாள் அவள்.

நல்லதெல்லாம் முப்பதுக்கு மேல்தான் வரும்! கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். மறுபடி ஆவி.

"ஃபேனப் போடும்மா!"

பயத்தில் வானதி ஐந்தில் வைத்துவிட்டாள். தாள் பிய்த்துக்கொண்டு வந்து லேப்டாப்பை அப்படியே மூடிக்கொண்டது.

"சார்..." தாளுக்குப் பின்னாலிருந்து குரல் தமிழில் வந்தது. "இது நம்ம நாப்பத்திரெண்டு 'கோ' தானே? நான் ஃபெபி சார். பதினாலாம் வருஷ பேட்ச்."

சகாயராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. சுவரில் மூன்றாவது வரிசையில் பனித்தொப்பியோடு சிரிக்கிற அதே ஃபெபி! வேலை தப்பித்தது. மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி என்று அங்கேயே நேர்ந்துகொண்டு, தாளைக் கேமராவுக்கு நேரே கொடிபோலத் தூக்கிப் பிடித்தார்.

"பாத்தியா! இந்தத் தாள்தானேம்மா உன்னைக் கனடா வரைக்கும் கொண்டுபோய் விட்டுச்சு?"



"இங்க வந்து ரெண்டு வருஷம் க்ளாஸுக்குப் போனேன் சார், அந்தத் தாளை மறக்கிறதுக்கு."