நிர்மலாவின் மாமியார் சிரித்தாளா?

ஒரு காட்டில் ஒரு சன்னல் இருந்தது. சன்னல் மட்டும் தனியாக இருக்குமா, அதற்குப் பின்னால் ஒரு வீடும் இருந்தது. காட்டுக் காவல்காரரும் அவர் சம்சாரமும் குடியிருந்த வீடு. சாயங்காலம் ஆறரை மணிக்கு அந்த அம்மா டிவியைப் போடுவார். 'நெருப்பில் ஒரு நிர்மலா' என்று ஒரு நாடகம் ஓடும். ஏழு மணிக்கு 'தொடரும்' என்று போடுகிற வரைக்கும் மிருகங்கள் எல்லாம் சன்னலுக்கு வெளியே உட்கார்ந்து பார்க்கும்.

முதல் வரிசையில் சடையப்பன் என்ற சிறுத்தை உட்காரும். நாடகம் ஓடும்போது அது யாரையும் தின்னாது. அது காட்டு வழக்கம். விளம்பரம் நாடகத்தில் சேருமா, சேராதா என்று முதலில் ஒரு குழப்பம் இருந்தது. அந்தக் குழப்பத்தில் ஒரு சோப்பு விளம்பரத்தின்போது ஒரு காட்டுக்கோழி போய்விட்டது. பிறகு எல்லோரும் கூடிப் பேசி, விளம்பரமும் நாடகத்தில் சேர்த்திதான் என்று முடிவு செய்தார்கள். சிறுத்தையும் இறகைத் துப்பிவிட்டு ஒத்துக்கொண்டது.

சன்னலுக்குக் கீழே பாத்திரம் கழுவுகிற தண்ணீர் ஓடும். கோடையில் காடே காய்ந்து கிடந்தபோது பச்சைப் புல் இருந்தது அங்கே மட்டும்தான். பொன்னுருவி என்ற முயல் தன் நாலு குட்டிகளை ஆறரைக்கு அங்கே கூட்டி வரும். நாள் முழுக்கத் தின்ன வேண்டியதை அந்த அரை மணி நேரத்தில் குட்டிகள் தின்றாக வேண்டும். மற்ற நேரத்தில் போனால் புல் இருக்கும், குட்டி இருக்காது.

பொன்னுருவி யாரிடமும் பேசாது. கூட்டத்தைப் பார்த்தாலே அதற்குக் காது இரண்டும் மடிந்துவிடும்.

நாடகம் முதல் இருநூறு நாள் நன்றாகத்தான் போனது. பிறகு நிர்மலா மலையிலிருந்து விழுந்தாள். பிழைத்தாள். மறுபடியும் அதே மலையிலிருந்து விழுந்தாள். மாமியார் பாலில் விஷம் வைத்தாள், அதை ஒரு பூனை குடித்துச் செத்தது. அன்றைக்கு எழுந்து போன காட்டுப்பூனை அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை.

மாரண்ணன் என்ற கரடிக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க, ஆஸ்பத்திரில மூக்குல குழாயோட கெடக்கறவ பட்டுச்சேலையும் ஒட்டியாணமுமாவா கெடப்பா? ஒரு நர்சுகூடக் கேக்க மாட்டாளா?"

"நீ ஒட்டியாணத்தப் பாக்கற" என்றது குப்பாச்சி என்ற குரங்கு. "மாமியார்க்காரி ஒரு 'என்ன'ன்னு கேக்கறதுக்குள்ள மூணு தடவ இடி இடிக்குது. நம்ம காட்டுல மழ பேஞ்சு எட்டு மாசமாச்சு. அவ வீட்டு ஹாலுக்குள்ள தெனமும் இடி."

"அப்புறம் எதுக்குக்கா தெனமும் மொதல்ல வந்து எடம் புடிக்கற?"

"எவ்வளவு மோசமாப் போகுதுன்னு பாக்கோணுமில்ல."

சிறுத்தை மட்டும் இந்தப் பேச்சில் கலந்துகொள்ளாது. ஆனால் கதை பிடித்தால் அதன் வால் கயிறு மாதிரி கிடக்கும். பிடிக்காவிட்டால் வால் நுனி துடிக்கும். இது பொன்னுருவிக்கு மட்டும்தான் தெரியும். இப்போதெல்லாம் வால் தினமும் துடித்தது. சிறுத்தையின் கண் சன்னலை விட்டுவிட்டுப் புல் பக்கம் வர ஆரம்பித்தது.

ஒருநாள் விளம்பர நேரத்தில் அது பொன்னுருவியிடம், "நாலா?" என்று கேட்டது.

"என்னங்ணா?"

"குட்டி நாலான்னு கேட்டேன். நான் மூணுன்னே நெனச்சுட்டிருந்தேன்."

மறுநாள் டிவியில் எழுத்து வந்தது. 'இனி நிர்மலாவாக இவர்.' புது நிர்மலா குட்டை. மூக்கும் வேறு. புருஷன் எந்த வித்தியாசமும் தெரியாமல் அவளிடம் காபி கேட்டான்.

சிறுத்தை எழுந்துவிட்டது. "பொண்டாட்டி மாறுனதுகூடத் தெரியாதவன் கதைய நான் எதுக்குப் பாக்கோணும்? எனக்கு வேற வேலை இருக்குது."

நாடகம் பார்க்காத சிறுத்தைக்கு அந்த வழக்கம் கிடையாது. இது எல்லோருக்கும் தெரியும். முன்வரிசை மெதுவாகப் பின்வரிசை ஆனது. குட்டிகள் வாய் நிறையப் புல்லோடு நின்றன.

பொன்னுருவி வாயைத் திறந்தது. என்ன சொல்லப் போகிறோம் என்று அதற்கே தெரியாது.

"அவனுக்குத் தெரியுங்ணா."

கூட்டமே திரும்பிப் பார்த்தது. "என்ன தெரியும்?" என்றது சிறுத்தை.

"ஆளு மாறுனது தெரியும். தெரியாத மாதிரி நடிக்கறான். பழைய நிர்மலாவ ஒளிச்சு வெச்சிருக்கறதே அவன்தான்."

வால் நுனி நின்றது. சிறுத்தை மறுபடி உட்கார்ந்தது. "எங்க ஒளிச்சு வெச்சிருக்கான்?"

"அத இப்பவே சொல்லிட்டா நாளைக்கு எதுக்குங்ணா வருவீங்க?"

அன்றிலிருந்து சிறுத்தை எதற்கெடுத்தாலும் முயலைத்தான் கேட்டது. செத்த மாமனார் எப்படிப் பொங்கலுக்கு வந்தார்? அவர் செத்த மாதிரி இருந்தாரே தவிர சாகவில்லை. ஒரே குழந்தைக்கு எப்படி இரண்டு ஜாதகம்? அது ஒரே குழந்தை என்று யார் சொன்னது? முயல் எதைச் சொன்னாலும் நாடகத்தைவிடக் கொஞ்சம் பரவாயில்லை.

"நீ பேசவே மாட்டியே புள்ள" என்றது கரடி. "இதெல்லாம் எங்க கத்துக்கிட்ட?"

"நாலு பெத்தா பேச்சு தானா வருதுங்ணா."

"அதிருக்கட்டும், அந்தப் பழைய நிர்மலா இன்னும் வரவே இல்லியே?"

"வராததுல இருந்தே தெரியலைங்களா, எவ்வளவு பத்திரமா ஒளிச்சு வெச்சிருக்கான்னு?"

கரடி கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்து, சரிதான் என்று தலையாட்டியது.

இப்படியாக ஆயிரத்து நூறு நாள் ஓடியது. பிறகு ஒரு திங்கட்கிழமை 'இறுதி வாரம்' என்று போட்டார்கள். காட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். கரடி எல்லோருக்கும் தேன் கொடுத்தது. குரங்கு, "சனியன் ஒழிஞ்சுது" என்று சொல்லிவிட்டு அழுதது. பொன்னுருவி மட்டும் தேனைத் தொடவில்லை.

வெள்ளிக்கிழமை நாடகம் முடிந்தது. "மாமியாரும் மருமகளும் கட்டிப்புடிச்சுட்டாங்கப்பா, இனி ஒண்ணுமில்ல" என்று கரடி எழுந்து மண்ணைத் தட்டியது. 'சுபம்' என்று போட்டார்கள். காவல்காரர் சம்சாரம் கண்ணைத் துடைத்துக்கொண்டு டிவியை அணைத்தார், சன்னலையும் சாத்தினார்.

சிறுத்தை முன்னங்கால் இரண்டையும் நீட்டிச் சோம்பல் முறித்தது. "அப்ப இனிமே இந்த நேரத்துல எனக்கு வேலை ஒண்ணும் இல்ல" என்றது. குட்டிகளைப் பார்த்துத்தான் சொன்னது.

"எல்லாஞ் செரிங்ணா" என்றது பொன்னுருவி. "கட்டிப்புடிச்சப்ப மாமியார் எதுக்கு அப்படிச் சிரிச்சா?"

சிறுத்தை நீட்டிய காலை மடக்கிக்கொண்டது.

"சிரிச்சாளா?" என்றது சிறுத்தை.

"நீங்க பாக்கலீங்களா? மொத வரிசையில உக்காந்திருந்தீங்களே."

"பாத்தேன், பாத்தேன்" என்றது சிறுத்தை அவசரமாக.

"நானுந்தான் பாத்தேன்" என்றது குரங்கு. "எடது பக்க ஒதடு. லேசா. அவ மனசுல இன்னும் வெஷம் இருக்குது."

"அது சிரிப்பே இல்ல" என்றது கரடி. "பல்லுல ஏதோ மாட்டிக்கிச்சு."

"பல்லுல மாட்டுனா நாக்குதானய்யா போகும்? ஒதடு எதுக்குப் போகுது? உனக்கு நாடகம் பாக்கவே தெரியாது."

"எனக்கா தெரியாது? ஒட்டியாணத்த மொதல்ல கண்டுபுடிச்சது யாரு?"

"உக்காருங்க எல்லாரும்" என்றது சிறுத்தை. "இதுக்கு ஒரு முடிவு தெரியாம ஒருத்தரும் எந்திரிக்கக் கூடாது."

முடிவு தெரியவில்லை. மறுநாள் ஆறரைக்கு எல்லோரும் சாத்திய சன்னலுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். சிரித்தாள் என்று ஒரு கட்சி, சிரிக்கவில்லை என்று ஒரு கட்சி. மான்கள் இரண்டிலும் சேராமல், சிரித்தது மருமகள்தான் என்று மூன்றாவது கட்சி வைத்தன. நாடகத்தைப் பற்றிய பேச்சும் விளம்பரம் மாதிரி நாடகத்தில் சேர்த்திதான் என்று கைதூக்கி முடிவு செய்தார்கள். அரை மணி நேரம் இரண்டு மணி நேரமானது. அப்புறம் மத்தியானமே கூட ஆரம்பித்தார்கள். அப்புறம் காலையில். சிறுத்தைக்கு விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. "இது மட்டும் தெரிஞ்சுட்டா நிம்மதியாச் சாப்புடுவேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தது. முயல்குட்டிகள் தின்று தின்று, கடைசிக் குட்டியைப் பொந்துக்குள் பின்னாலிருந்து தள்ள வேண்டியிருந்தது.

ஒருநாள் அப்படித் தள்ளும்போது அந்தக் குட்டி கேட்டது. "அம்மா, நெசமாவே அந்த மாமியார் சிரிச்சாளா?"

"எனக்கென்ன கண்ணு தெரியும்?" என்றது பொன்னுருவி. "நான் ஒரு நாளும் சன்னல் பக்கம் திரும்புனதே இல்ல. அந்தச் சிறுத்தை அண்ணன் மூஞ்சியப் பாக்கறதுக்கே எனக்கு நேரம் செரியாப் போச்சு. ஏன் கண்ணு, நாடகத்துல மாமியார்னு ஒருத்தி நெசமாவே இருந்தாளா?"

நீதி: நாடகத்தைப் பற்றி நாலு பேர் மதிக்கும்படி பேச வேண்டுமானால் நாடகத்தைப் பார்க்கக் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறவருக்குப் பசிக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.