மூடித் திருகும் எஞ்சின் சித்தரும்

அறுபத்திரண்டாம் வருஷச் சாரலில் குற்றாலத்துக்கு வந்த கூட்டத்தில் பாதி அருவிக்கு, பாதி எஞ்சின் சித்தருக்கு. நின்றுபோன அரவை மில் இவர் சந்தனம் வைத்தால் ஓடுமாம். ஓடுகிற பம்புசெட் இவர் முறைத்தால் நிற்குமாம். எண்ணெய்க் குளியல் முடித்தவர்கள் வழுக்கிக்கொண்டே வந்து லாட்ஜ் வாசலில் வரிசையில் நின்றார்கள். சித்தரின் பழைய பெயர் குத்தாலிங்கம். பழைய வேலை லாரி கிளீனர். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். இந்த வட்டாரத்தில் எனக்குத் தெரியாமல் கோழி முட்டையிடுவதில்லை.

இலஞ்சிக் குளத்தில் மீன் குத்தகை எடுத்திருந்தாள் பாலம்மாள். பட்டாளத்தார் ஏலம் விட்ட அலுமினியப் படகு ஒன்று அவள் கைக்கு வந்திருந்தது. அதன் பின்னால் மாட்ட மோட்டார் வேண்டும். அதற்காக இரண்டு கறவை எருமைகளையும் விற்றுவிட்டாள். அவள் புருஷன் பலவேசம் தூத்துக்குடியிலிருந்து ஒரு சின்ன மோட்டாரைக் கொண்டுவந்தான். அதை எடுத்தால் ஓர் எருமையைத் திரும்ப ஓட்டிவரலாம். தரகர் வேல்சாமியோ ஒரு பெரிய மோட்டாரைக் காட்டினார். அதை எடுத்தால் எருமைக் கயிறுதான் மிச்சம்.

எதை எடுப்பது? "சித்தரு சொல்லட்டும்" என்றார் வேல்சாமி. சித்தரும் வேல்சாமியும் ஒரே லாட்ஜில் ஒரே அறை. சும்மா சொல்லி வைக்கிறேன்.

குளக்கரையில் திருவிழாக் கூட்டம். சின்ன மோட்டாரின் எண்ணெய்த் தொட்டி மூடியில் சித்தர் சந்தனம் அப்பினார். மூடி நடுவில் இருந்த குட்டித் திருகையும் ஒரு முறுக்கு முறுக்கினார். சந்தனம் வைக்க முறுக்கு எதற்கு? சாமி காரியம், கேட்கக் கூடாது.

பலவேசம் ஓட்டிப் போனான். பாதிக் குளத்தில் மோட்டார் கக்கியது, விக்கியது, நின்றது.

"பாத்தியளா! மோட்டாருக்கு நீர்தோஷம்லா!" என்றார் சித்தர். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. பலவேசம் துடுப்பு போட்டுத் திரும்பினான். பாலம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

பக்கத்தில் சைதூன் பீவி. தென்காசியில் மண்ணெண்ணெய்க் கடை வைத்திருப்பவள். அவள் குனிந்து முணுமுணுத்தாள்: "ஏட்டி, அழாத. புது டின்னுல ஒத்த ஓட்ட போட்டா எண்ணெ இப்படித்தான் விக்கி விக்கி நிக்கும். காத்துக்கு இன்னொரு ஓட்ட வேணும். அந்தத் திருகுதான் காத்து ஓட்ட. அத அந்த ஆளு அடச்சிட்டான்."

என் காது அந்தப் பக்கமாகத்தான் இருந்தது. நான் என்ன செய்ய?

"இதுதான் ராசியான மோட்டாரு" என்று சித்தர் கைகாட்ட, பெரிய மோட்டாரை மாட்டினார்கள். படகின் பின்பக்கம் எருமை உட்கார்ந்தது போல அமிழ்ந்தது.

சைதூன் பீவி குரலை உயர்த்தினாள். "சாமி, இது ராசியான மோட்டாருன்னு சொல்லுதீயளே, நீங்களே ஒரு சுத்து போய்ட்டு வாங்களேன். சனம் கண்குளிரப் பாக்கட்டும்."

"ஆமா சாமி, ஏறுங்க!" என்று கூட்டம் மாலையோடு நெருக்கியது. சித்தர் சிரித்துக்கொண்டே ஏறினார். "மூடியில தூசி கெடக்கு" என்று சைதூன் பீவி முந்தானையால் துடைத்தாள். துடைப்புக்கு நடுவே அவள் விரல்களும் ஒரு முறுக்கு முறுக்கின.

பலவேசம் கிளப்பினான். பாதிக் குளத்தில் ராசியான மோட்டாரும் கக்கியது, விக்கியது, நின்றது.

சித்தர் மந்திரம் சொன்னார். மோட்டாருக்குக் காது கேட்கவில்லை. பின்பக்கம் தண்ணீர் எட்டிப் பார்த்தது. மந்திரத்தின் குரல் ஏறியது, தண்ணீரும் ஏறியது.

"சாமிக்கு நீச்சல் தெரியுமா?" என்றான் பலவேசம்.

அவ்வளவுதான். மந்திரம் பாதியில் நின்றது. சித்தர் பாய்ந்து, சந்தனம் இல்லை, பூ இல்லை, மூடித் திருகைத் திறந்தார்.

பலவேசம் கரைக்குக் கேட்கக் கத்தினான்: "ஏட்டி பாலம்மா! சாமி திருகத் தொறந்துட்டாரு! உஸ்ஸுனு காத்து உள்ள போவுது!"

மோட்டாரைக் கிளப்பும் கயிற்றை இழுத்தான். மோட்டார் ஓடியது.

படகு கரை சேர்ந்ததும் சைதூன் பீவி சின்ன மோட்டாரை மாட்டச் சொன்னாள். எல்லார் கண் முன்னாலும் அதன் திருகைத் திறந்துவிட்டாள். தோஷம் பிடித்த மோட்டார் குளத்தை மூன்று சுற்று சுற்றிவிட்டு வந்தது.

"வேல்சாமி அண்ணாச்சி எங்கன?" என்று பாலம்மாள் தேடினாள். செங்கோட்டை பஸ்ஸின் பின்னால் ஒரு துண்டு மட்டும் பறந்து போனது. நனைந்த சித்தர் மாலையைக் கழற்றிக்கொண்டிருந்தார். மறுநாள் பாலம்மாள் வீட்டுத் தொழுவத்தில் ஓர் எருமை கத்தியது.

கூட்டத்தில் மாலையோடு முன்னால் நின்ற பிச்சம்மாள் மட்டும் இன்னும் விடவில்லை. "இருந்தாலும் சாமி கை பட்டதுந்தான மோட்டாரு ஓடிச்சி!"

"அப்ப என் கை பட்டும் ஓடிச்சே. எனக்கும் ஒரு மாலை போடுதியாட்டி?" என்றாள் சைதூன் பீவி.

மண்ணெண்ணெய் டின்னுக்கு இரண்டு ஓட்டை போதும். நமக்குத் தலையில் ஏழு ஓட்டை இருக்கிறது. அதில் ஒன்றையாவது திறந்து வையுங்களேன், அண்ணாச்சிமாரே!