இன்னா எதிர்பார்த்தீங்க?

"இதுவும் போச்சா!"ன்னு தலையில கைய வெச்சிகினான் ஜெயவேலு.

காத்து எப்டி, அலை எப்டின்னு சொல்ற ஆப் ஒண்ண காசிமேட்டுல மீன் புடிக்கிற போட்டுக்காரங்களுக்கு இனாமா செஞ்சி வெச்சிருந்தான். யாரு வேணா பிரிச்சி பாக்கலாம், யாரு வேணா ரிப்பேர் பண்ணலாம், அந்த மாதிரி. கொற இருந்தா எழுதுங்கன்னு ஒரு பக்கமும் தொறந்து, அந்த லிங்க்க அவங்க வாட்ஸப் குரூப்புல போட்டான். வந்ததெல்லாம் ஒரே வார்த்த: "சரியில்ல."

இன்னா சரியில்லன்னு தெரிஞ்சாதானே சரி பண்ண?

கூட சேந்து சும்மாவே வேல பாக்குறவ ஒரே ஒருத்தி, பெரம்பூரு தேவப்பிரியம். "புரியிற மாதிரி எழுத வை ஜெயவேலு. இல்லாங்காட்டி நா கழண்டுக்குவேன்"னுட்டா. அவ போனா ஆப் படுத்துக்கும். இவனுக்குத் தெரிஞ்சது பாதி வேலதான்.

ஒடனே ஒரு படிவம் போட்டான். 'இன்னா ஆச்சி? இன்னா எதிர்பார்த்தீங்க?'

போட்டுக்கார துரை மொத ஆளா எழுதினாரு: "எதிர்பார்த்தது வஞ்சரம். வந்தது காரப்பொடி மீனு."

தேவப்பிரியம் போன் பண்ணிட்டா. "இத்த நா எப்டிப்பா ரிப்பேர் பண்றது?"

"இரும்மா, இன்னும் வெளக்கமா கேக்கறேன்."

'மொதல்லேர்ந்து வரிசையா சொல்லுங்க'ன்னு சேத்தான். ஒருத்தரு தன் நிச்சயதார்த்தத்துலேர்ந்து ஆரம்பிச்சாரு. மாமியார் வரைக்கும் வந்து, மீதி அப்பாலன்னு நிறுத்திட்டாரு.

'போட்டோ வைங்க'ன்னான். கிழிஞ்ச வல, வீங்கின முட்டி, ஒரு காதுகுத்து விருந்து.

"முட்டிக்கு நா இன்னா பண்ணட்டும்?"

"தைலம் தடவ சொல்லலாமா?"

"ஜெயவேலு!"

ஆப்ப ரிப்பேர் பண்ணி அனுப்புறவங்களுக்கு தனியா ஒரு படிவம் வெச்சான். 'இன்னா மாத்தினீங்க? ஏன் மாத்தினீங்க?' "எஞ்சின் ஆயிலு. பொக வந்துச்சி"ன்னு பதிலு. அதுக்கு கீழ எந்தக் கடையில வாங்கினதுன்னு விசாரிக்கறதுக்கே ஒரு கும்பலு.

"போதும்பா. ஞாயித்துக்கெழம வந்து எல்லாத்தையும் ஒப்படைச்சிடறேன்"னா தேவப்பிரியம்.

ஜெயவேலு அலறிக்கினு அந்தப் பக்கத்தையே மூடிட்டான். ஞாயித்துக்கெழம அவ இவன் வூட்டுக்கு வந்ததும் மூடின பக்கத்ததான் காட்டினான். "பாரு, ஒருத்தனும் இல்ல. போவாதம்மா."

அவ யோசிக்கறதுக்குள்ள வாசல்ல சத்தம். துரை. பின்னால போட்டுக்காரங்க கூட்டமா.

"ஏன் நைனா மூடினே? நா எதுனா தப்பா எழுதிட்டனா?"

"இல்லண்ணே, அது வந்து..."

"கட்டினவகூட நீ இன்னாயா எதிர்பார்த்தேன்னு என்னிய ஒரு நாளு கேட்டதில்ல. எந்த ஆபீஸுக்குப் போனாலும் அப்பால வாம்பான். நீதான் இன்னா ஆச்சி, எப்டி ஆச்சின்னு மரியாதையா கேட்டே. முட்டி வீங்கினவன நாங்கல்லாம் அங்கியே பேசி டாக்டராண்ட இஸ்துகினு போனோம், தெரிமா?"

தேவப்பிரியம் தோள்ல இருந்த பைய எறக்கி வெச்சா. "பக்கத்த தொற ஜெயவேலு. அந்தக் கேள்விங்கள அப்டியே திரும்ப வை. நா எங்கியும் போவல."

ஜெயவேலுக்கு வாயெல்லாம் பல்லு. "கேட்டீங்களாண்ணே? ராவுக்குள்ள தொறந்துடறேன். அது வரிக்கும் ஆப் கீதே, அதுல காத்து பாத்துகினு இருங்க."

துரை திரும்பி பின்னால நின்னவங்கள பாத்தாரு. அவங்க இவர பாத்தாங்க.

"ஆப்பா? அப்டி ஒண்ணு வேற கீதா நைனா?"